மாமியின் நோன்பும் என் போனின் அப்டேட்டும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன் என்ன கேட்டாலும் வாசித்துப் பார்க்காமல் 'சரி' என்று அமுக்கிவிடுகிற மடையன் நான். கலியாணக் காவின் அன்று மௌலவி சொல்லித் தந்ததையும் இப்படித்தான் முழுதாகக் கேட்காமலே திருப்பிச் சொன்னேன் என்பது என் மனைவியின் நெடுநாள் குற்றச்சாட்டு. அதில் எனக்கு நட்டம் வரவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி பெண்ணோடு வீடும் கிடைத்தது, வீட்டோடு மாமியும் கிடைத்தார். போனுக்குச் சொன்ன சரிகளால் மட்டும் ஒரு நன்மையும் கண்டதில்லை.

அந்தச் சிறு பெட்டி திரையில் வரும். புதிய அப்டேட் தயார், இப்போதே போடவா, பிறகு போடவா என்று கேட்கும். பிறகு என்றால் போய்விடும். அடுத்த நாள் கலியாணத் தரகரைப்போல முகம் சுளிக்காமல் திரும்ப வரும். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதன் பிறகு, பிறகு என்று சொல்வான்? களைத்துப்போய் ஒருநாள் சரி என்பேன். அன்றோடு எனக்குப் பழகிய போன் மௌத்தாகிவிடும். அதன் உடம்புக்குள் புதிதாக யாரோ குடிவந்துவிடுவார்கள்.

ஒரு தடவை அப்டேட் முடிந்தபோது டோர்ச்சைக் காணவில்லை. இரண்டு நாள் தேடினேன். மறுபடி ஒரு தடவை தமிழ் எழுத்துகள் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்தன. நான் சாரம், அதாவது லுங்கி, விற்கும் கடை வைத்திருப்பவன், கட்டம் போட்டது எனக்குப் புதிதில்லை. ஆனால் எந்த வாடிக்கையாளர் எந்தக் கட்டத்தில் எத்தனை சாரம் கேட்கிறார் என்பதைக் கட்டத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை, இடுப்பில் செருகியிருந்த போன் தானாகவே என் சகலனுக்கு அழைப்பு எடுத்து, நான் அவனைப்பற்றிக் கடையில் சொல்லிக்கொண்டிருந்ததை முழுதாக அவனுக்கே கேட்கவைத்தது. அது போனின் பிழையா என் பிழையா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

ஒவ்வொரு முறையும் சந்தியிலுள்ள போன் கடைக்குப் போவேன். அங்கே என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் இளைஞர் போனை வாங்கி, நாடி பார்ப்பதுபோல் இரண்டு தடவை விரலால் இழுத்துவிட்டுத் திருப்பித் தருவார்.

"அடுத்த அப்டேட்ல சரியாகும், காக்கா."

"இந்த அப்டேட்டால வந்த வருத்தத்துக்கு அடுத்த அப்டேட்தான் மருந்தா?"

"ஓம் காக்கா. எல்லாருக்கும் அப்பிடித்தான்."

எல்லாருக்கும் அப்படித்தான் என்றால் ஏதோ ஒரு ஆறுதல். பிறகு நானும் போய்விடுவேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஒரு அப்டேட்டைப்பற்றி மட்டும் அப்படிச் சொல்ல வரவில்லை. அதற்கு மாமியைப்பற்றிச் சொல்லவேண்டும். மாமி என்றால் என் மனைவியின் உம்மா. அந்த அப்டேட் வந்த வருடத்துக்கு முந்திய வருட நோன்பு மாதம் முழுவதும் அவர் ஆசுபத்திரியிலும் கட்டிலிலுமாகக் கிடந்தார். வயிற்றில் ஒப்பரேசன். தண்ணீர், மருந்துக் குளிசை, மறுபடி தண்ணீர். நாங்கள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பார்ப்போம். மாமி படுத்த இடத்திலிருந்தே, "சத்தமா வைங்க, எனக்கு நோன்புதான் இல்ல, காது இரிக்கி" என்பார். சொல்லும்போது சிரிப்பார். சிரித்து முடிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

விட்ட நோன்புகளை வருடம் முழுவதும் திங்களும் வியாழனுமாகப் பிடித்து முடித்தார். அடுத்த நோன்பு வந்தபோது டொக்டர் பயந்து பயந்துதான் விட்டார். குளிசையைச் சஹரிலும் நோன்பு திறக்கும்போதும் நேரம் தவறாமல் எடுக்கவேண்டும் என்றார். தலைப்பிறை கண்ட அன்று மாமி என்னிடம் சொன்னது இதுதான்:

"மருமகன், இந்தத் தரம் ஒண்டும் விடாமப் புடிக்கணும். அடுத்த நோன்புக்கு நான் இரிக்கனோ, ஆரறிவார்?"

வழக்கம்போல நான் ஒரு பகிடி விட்டேன். "நீங்க எங்க மாமி போகப்போறீங்க, என்ன இந்த ஊட்ட தனிய விட்டுட்டு?"

"அதுதான் எனக்கும் பயம்" என்றார்.

ஒவ்வொரு நாளும் நோன்பு திறந்ததும் "அல்ஹம்துலில்லாஹ், இதுவும் ஆச்சி" என்று மெல்லச் சொல்வார். பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு வந்து சொல்வதுபோல இருக்கும். மாதம் முடியமுடிய அந்த வார்த்தையில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. கடைசிப் பத்தும் பாதி கடந்து, பெருநாளுக்கு இன்னும் கொஞ்ச நோன்புதான் கிடந்தது.

அந்த வருடம் வெள்ளம் வந்து விதைப்பு அழிந்து, தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி விதைத்ததில் அறுவடை பிந்தி நோன்புக்குள் வந்து விழுந்திருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் மாமிக்குக் கொஞ்ச வயல் உண்டு. அவருடைய உம்மா அவருக்குக் கொடுத்தது. அதில் எங்கள் ஆண்கள் யாருக்கும் ஒரு வரப்புகூடச் சொந்தமில்லை. அந்த வயல்வட்டை முழுவதும் ஒரே நாளில் விளைந்துகிடக்க, அறுவடை மெசினுக்கு எல்லாரும் வரிசை. வானம் வேறு மூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் கதிர் சாய்ந்துவிடும். மெசின்காரர் எங்களை எப்போது கூப்பிடுவார் என்று மாமி காத்திருந்தார்.

அவர் கூப்பிட்ட அன்றைக்குத்தான் நான் போனுக்குச் 'சரி' சொல்லியிருந்தேன்.

விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு அரைத் தூக்கத்தில் இருந்தபோது அந்தப் பெட்டி வந்தது. பெருநாள் வியாபாரத்தில் முதல்நாள் கடையில் நின்ற கால் இன்னும் நின்றுகொண்டே இருந்தது. கை அமுக்கிவிட்டது. திரை கறுத்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. நான் கடை திறந்தபோதும் சுற்றியது. சனம் வந்து சாரத்தை விரித்துப் பார்த்து மடிக்காமல் போனபோதும் சுற்றியது. மெசின்காரர் எனக்கு எடுத்துக் களைத்து, மாமியின் பட்டன் போனுக்கு எடுத்துவிட்டார். அந்தப் போனுக்கு இன்றுவரை ஒரு அப்டேட்டும் வந்ததில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

மத்தியானம் லுஹருக்கு வீட்டுக்குப் போனபோது மாமி உடுத்து ஆயத்தமாக நின்றார்.

"நீங்களும் வாறீங்களா மாமி? நோன்போட, வெயிலுக்குள்ள?"

"எங்க வெயில்? வானத்தப் பாருங்க. போன தரமும் நான் போகல்ல. என்ட வயல நான் பாக்கணும்."

அப்போதுதான் என் போனுக்கு உயிர் வந்தது. வந்த உயிருக்கு நாள் தெரியவில்லை. நான் கலியாணமே முடிக்காத ஒரு வருடத்தைக் காட்டியது. கொஞ்ச நேரம் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நாள் பிழையாக இருந்தால் போனில் வேறொன்றும் வேலை செய்யாது, நோன்பு திறக்க அது சொல்லும் பாங்குகூட. நேரத்தைத் தானாக எடுக்கும் பொத்தானை அமுக்கினேன். அது ஒரு நொடி நின்று பழையபடி அணைந்துகொண்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடி அணைந்தது. மனைவி ஒரு கூடையில் பேரீத்தம்பழம், சமோசா, கஞ்சி ஊற்றிய பிளாஸ்க், மாமியின் குளிசை எல்லாம் வைத்து, "போங்க, மெசின் நிக்காது" என்று விரட்டினாள். நான் தலையைத் தூக்கி, குசினி வாசலுக்கு மேலே தொங்கும் மணிக்கூட்டைப் பார்த்து, கையாலேயே போனுக்கு நாளும் நேரமும் வைத்தேன். போன் சந்தோசமாக எழும்பி நின்றது. இந்த அப்டேட்டை நான் வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

கடைச் சாமான் ஏற்றுகிற என் ஓட்டோவில் மாமியை ஏற்றினேன். பட்டன் போன் அன்று காலை மெசின்காரரோடு பேசிப்பேசிச் சாகக் கிடந்தது. அதைச் சார்ஜில் குத்திவிட்டு வந்தார். "உங்கட போன் இரிக்குதானே" என்றார். ஓம், இருந்தது. ஆரையம்பதியைத் தாண்டி, மண்முனைப் பாலத்தில் ஏறியபோது வாவி ஈயம் உருக்கி ஊற்றியதுபோல் கிடந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

வயலில் மெசின் ஏற்கனவே இறங்கியிருந்தது. ஓட்டுகிறவர் அந்தப் பக்கத்துத் தமிழ் ஆள், முகமெல்லாம் தூசி. மாமி வரப்பில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றையும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தார். ஒரு மூலையில் மெசின் கதிரை விட்டுவிட்டுத் திரும்பினால் எழும்பிக் கை காட்டினார். அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்கவில்லை, ஆனால் மெசின் திரும்பிவந்து அந்த மூலையை வெட்டிற்று. சாக்குக் கட்டுவதும் எண்ணெய்க் கானைத் தூக்குவதுமாக நான் நெளிந்துகொண்டிருந்தேன். அந்த வட்டையில் நின்றால் எந்தப் பள்ளிவாசலின் பாங்கும் கேட்காது. மாமி இரண்டு மூன்று தடவை என் பக்கம் திரும்பி மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். நான் போனைத் தூக்கிக் காட்டி, கவலைப்படாதீர்கள் என்று தலையாட்டினேன்.

பொழுது இருண்டுகொண்டு வந்தபோது என் இடுப்பிலிருந்து பாங்கு எழுந்தது. மெசின் சத்தத்துக்குள் அது எனக்கும் மாமிக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். நான் கையைத் தூக்கியதைக் கண்டு ஓட்டுகிறவர் மெசினை நிறுத்தினார்.

"நோன்பு திறங்க அம்மா, ஆறுதலாத் திறங்க. நான் நிக்கிறன்."

வட்டை முழுவதும் திடீரென்று அமைதி. மாமி பிஸ்மி சொல்லிப் பேரீத்தம்பழத்தை வாயில் வைத்தார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், இதுவும் ஆச்சி" என்றார். நானும் ஒன்றுக்கு இரண்டு பழமாக வாயில் போட்டுக்கொண்டு, ஓட்டுகிறவருக்கு ஒரு சமோசாவை நீட்டினேன். கஞ்சிப் பிளாஸ்க்கைத் திறக்கப்போகையில் போன் அடித்தது. மனைவி.

"இஞ்ச, பிளாஸ்க்கிர மூடி சரியா இறுகல்ல, பாத்துத் தொறங்க. இன்னும் பத்து நிமிசம் இரிக்கிதானே, உம்மாட குளிசய இப்பயே எடுத்து வைங்க."

வாயில் பழத்தோடு கேட்டேன். "பத்து நிமிசமா?"

"பின்ன?"

"இஞ்ச பாங்கு சொல்லிட்டே."

"ஆரு சொன்ன?"

"போன்தான்."

அந்தப் பக்கம் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது.

"உம்மா என்ன செய்றா?"

மாமியைப் பார்த்தேன். "ரெண்டாவது பழம் திங்கிறா."

"போனுக்கு எந்த மணிக்கூட்டப் பாத்து நேரம் வச்ச நீங்க?"

"நம்மட குசினி மணிக்கூட்ட..." என்று தொடங்கினேன். முடிக்கத் தேவை வரவில்லை.

அந்த மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடுவது. பழுதாகி அல்ல, வேண்டுமென்றே என் மனைவி முந்தி வைத்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தக்கூடாது என்பதற்காக என்று வெளியாட்களுக்குச் சொல்வாள். உண்மையில் பிள்ளைகள் ஒருநாளும் பிந்தியதில்லை. அது எனக்காக முந்தவைத்த மணிக்கூடு. நானும் லேசுப்பட்டவனல்ல. கலியாணம் முடித்த காலத்திலிருந்து அதைப் பார்த்தவுடன் பத்தைக் கழித்து, அந்தப் பத்து நிமிடமும் நிம்மதியாக இன்னொரு தேத்தண்ணி குடித்தே பழகியவன். இத்தனை வருடத்தில் கழிக்க மறந்த ஒரே நாள் அது.

மாமி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் முகமே மிச்சத்தைச் சொல்லியிருக்கும்.

"என்ன மருமகன்? நேரமாகல்லயா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மாமி வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பி, வரப்புக்கு அங்கால் போட்டார். தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்தார். மறுபடியும் கொப்பளித்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, திறந்த கூடையை மூடிவைத்துவிட்டுச் சாக்கில் நேராக உட்கார்ந்தார். நானும் துப்பிவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"தெரியாம நடந்த பிழதானே மாமி. அல்லாஹ் மன்னிப்பான்."

"மன்னிப்பான்" என்றார். "நோன்பு வராதே."

ஒன்றும் விளங்காமல் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஓட்டுகிறவர் கேட்டார்: "என்ன காக்கா, நான் இதத் திங்கலாமா, கூடாதா?"

"நீங்க தின்னுங்க தம்பி" என்றார் மாமி. "தின்னுட்டு அந்த மேல்பக்கத்து வரவையையும் வெட்டிப்போடுங்க. மழ வருது."

மெசின் மறுபடி உறுமியது. மனைவி இரண்டாம் தரம் அழைத்து, "இப்ப திறங்க" என்று சொல்லும்வரை மாமியும் நானும் அந்தச் சத்தத்துக்குள் வாய்மூடி உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. மாமி இரண்டாம் தடவை பிஸ்மி சொல்லிக் கஞ்சியைக் குடித்தார், குளிசையை விழுங்கினார். 'இதுவும் ஆச்சி' என்று மட்டும் சொல்லவில்லை.

நெல்லுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும். மழை இரவில்தான் விழுந்தது.

அடுத்த நாள் மௌலவியிடம் போனேன். ஏதாவது ஒரு பொந்து இருக்கும், அதில் நுழைந்து மாமியின் நோன்பை மீட்டுக்கொண்டு வரலாம் என்ற நினைப்பு. அவர் பொறுமையாகக் கேட்டார். குற்றமில்லை, ஆனால் அந்த நோன்பு கூடாது, பெருநாளைக்குப் பிறகு அதற்கு ஈடாக இரண்டுபேரும் ஒரு களா நோன்பு பிடியுங்கள் என்றார். போகும்போது கூப்பிட்டு, "அந்த மணிக்கூட்டயும் சரியாக்குங்க" என்றார். அதை என் மனைவியிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அங்கிருந்து சந்திக்கு. போன் கடை இளைஞர் நேரப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். அது இரண்டு தடவையும் அணைந்தது.

"இது எல்லாருக்கும் வந்த பிரச்சினதான் காக்கா. அடுத்த அப்டேட்ல..."

"மாமிட நோன்பயும் அதுல சேத்து அனுப்புவாங்களா?"

அவர் சிரித்தார். நான் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடமாக நான் சொன்னதற்கெல்லாம் சிரித்துப் பழகியவர்தானே.

மிச்ச நோன்புகளை மாமி பிடித்தார், ஒன்றும் பேசாமல். கோபமென்றால் சமாளித்திருப்பேன், ஏசினால் வாங்கிக்கொண்டிருப்பேன். பெருநாளன்று வந்த சொந்தக்காரப் பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, "இந்தத் தரம் எல்லாம் புடிச்சீங்களா ராத்தா?" என்று கேட்டார்கள். நான் தட்டில் வட்டிலப்பம் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றுவிட்டேன்.

"ஒண்டு விடுபட்டிச்சி" என்றார் மாமி.

"ஏன், சுகமில்லாமலா?"

"வயலுக்குப் போன" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வட்டிலப்பத் தட்டை அப்படியே குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோனேன்.

பெருநாள் கழிந்து ஒரு வியாழக்கிழமை, மாமி களா நோன்பு வைத்தார். நானும் அதே நாளில் என்னுடையதை வைத்துக்கொண்டேன். ஊர் முழுக்கத் தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கையில் தனியே நோன்பிருப்பது பெரிய களைப்பு. கடைக்கு வந்தவர்கள் தேத்தண்ணி வாங்கித் தந்தார்கள், வேண்டாம் என்றால் சுகமில்லையா என்று கேட்டார்கள். போன் கடை இளைஞர் சொன்ன அந்த அடுத்த அப்டேட் அதற்குள் வந்திருந்தது. இந்த முறை அது என்னிடம் கேட்கவுமில்லை, தானாகவே போட்டுக்கொண்டது. நேரப் பொத்தான் பச்சையாக எரிந்து நின்றது. டோர்ச் மறுபடியும் எங்கேயோ போய்விட்டது, அதை நான் தேடவில்லை.

அந்திக்கு முன்பே வீட்டுக்கு வந்து, ரேடியோவில் நேரம் சொல்லும்போது போனை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒத்திருந்தது. மனைவியின் கைக்கடிகாரத்தோடு ஒத்திருந்தது. மாமியின் பட்டன் போனோடும் ஒத்திருந்தது. குசினி மணிக்கூட்டை மட்டும் பார்க்கவில்லை.

மாமியும் நானும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நடுவில் ஒரு தட்டில் பேரீத்தம்பழம், இரண்டு கிளாஸ் தண்ணீர், குளிசை. மனைவி கஞ்சி காய்ச்சியிருந்தாள், நோன்பு மாதம் போலவே. வெளியே பிள்ளைகளின் சத்தம். அப்போது போன் பாங்கு சொன்னது, தெளிவாக, நேரத்துக்கு.

நான் ஒரு பழத்தை எடுத்து மாமியின் பக்கம் நீட்டினேன்.

"நேரம் சரி மாமி. ரேடியோவோட ஒத்துப் பாத்திட்டன், கைக்கடிகாரத்தோடயும் பாத்திட்டன். பயப்படாமத் திறங்க."

மாமி பழத்தை வாங்கித் தட்டிலேயே வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"பள்ளி சொல்லட்டும்."